80 சதவீத அடைப்பு, ஆனால் ஸ்டென்ட் இல்லை: அப்பாவைக் கைவிட்டுவிட்டார்களா?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. சில மாதங்களாக மாடிப்படி ஏறினால், வேகமாக நடந்தால் நெஞ்சை அழுத்துகிறது என்கிறார், நின்றால் சரியாகிவிடுகிறது. ஆஞ்சியோ எடுத்ததில் வலது பக்க ரத்தக்குழாயில் 80 சதவீத அடைப்பு என்றார்கள். ஆனால் டாக்டர், "இப்போதைக்கு மாத்திரையே போதும், ஸ்டென்ட்டுக்கு அவசரமில்லை" என்று அனுப்பிவிட்டார். "80 சதவீதத்தை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்களே" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். இதற்கிடையில் அதே மருத்துவமனையில் ஒரு மாத்திரை ஆய்வில் சேர்வதற்குப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு உண்மையான மருந்து, பாதிப் பேருக்கு டம்மி மாத்திரை, யாருக்கு எது என்பது குலுக்கலில் முடிவாகுமாம், டாக்டருக்கே தெரியாதாம். அப்பா கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். நானும் தம்பியும் கூடாது என்கிறோம். என்ன செய்யட்டும்?
ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அப்பாவை அந்த டாக்டர் கைவிடவில்லை. ஆஞ்சியோ படத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொன்னால், பெரிய ஆராய்ச்சிகள் எதைச் சொல்கின்றனவோ அதைத்தான் அவர் செய்திருக்கிறார். மாத்திரை கொடுத்து அனுப்புவதும் சிகிச்சைதான்.

விளக்கத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நடந்தால் வலி, நின்றால் சரி என்பது நிலையான ஆஞ்சைனா. நான் கீழே எழுதப்போவதெல்லாம் அதற்கு மட்டும்தான் பொருந்தும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தால், முன்பைவிடக் குறைந்த நடைக்கே வந்தால், அடிக்கடி வர ஆரம்பித்தால், வலியோடு வியர்த்துக் கொட்டினால், அது வேறு நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் வியர்வையும் மட்டும்கூட வரலாம். அப்போது அப்பாவை உட்கார வைத்து, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் ஒன்றை வையுங்கள். ஐந்து நிமிடத்தில் விடவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். வாயுத் தொல்லை என்று சோடா வாங்கிக் கொடுத்துப் பார்க்க வேண்டாம், டூ வீலரில் உட்கார வைத்து அழைத்துப் போகவும் வேண்டாம். மாரடைப்பு வந்துவிட்டால் குழாயை உடனே திறப்பதுதான் உயிரைக் காப்பாற்றும். அங்கே இரண்டாவது பேச்சே இல்லை.

இதற்குச் சான்று நம் ஊரிலேயே இருக்கிறது. சின்ன மருத்துவமனைகள், 108 ஆம்புலன்ஸ், ஆஞ்சியோபிளாஸ்டி (அடைபட்ட குழாயை பலூனால் விரித்து ஸ்டென்ட் வைப்பது) வசதியுள்ள பெரிய மருத்துவமனைகள் மூன்றையும் ஒரே வலையாக இணைத்துத் தமிழ்நாட்டில் ஓர் ஆய்வு நடந்தது. மாரடைப்போடு வந்த 2,420 பேரை அதில் கணக்கெடுத்தார்கள். அந்த ஏற்பாடு வருவதற்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதம், வந்த பிறகு 14.2 சதவீதம். 2017-இல் வெளியான முடிவு இது. புது மருந்து எதுவும் கிடையாது, நோயாளியைச் சரியான இடத்துக்குச் சரியான நேரத்தில் கொண்டுபோனதில் கிடைத்த பலன். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டமும் 2023-இல் தொடங்கப்பட்டது.

இனி 80 சதவீதத்துக்கு வருவோம்.

என் ஓ.பி.யில் நோயாளியின் சொந்தக்காரர் முதலில் கேட்பது, "எத்தனை பர்சன்ட் சார்?" அந்த எண் ஒருவரின் ஆயுளையே சொல்லிவிடும் என்பதுபோல் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆஞ்சியோ படத்தைக் கண்ணால் பார்த்துப் போடும் மதிப்பீடு அது. ஒரே படத்தை ஒருவர் 70 என்பார், இன்னொருவர் 80 என்பார். அதைவிட முக்கியம், மாரடைப்பு பெரும்பாலும் எப்படி வருகிறது என்பது. குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டின் மேல்மூடி கிழிகிறது. அந்த இடத்தில் ரத்தம் உறைகிறது. நிமிடங்களில் குழாய் அடைபடுகிறது. பாதி அளவுகூட அடைக்காத, படத்தில் யாரும் பொருட்படுத்தாத ஒரு திட்டுகூட அப்படிக் கிழியலாம். கரை எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கேதான் ஏரி உடையும். 80 சதவீதம் உள்ள இடத்தில் ஸ்டென்ட் வைத்தால் அந்த ஓரிடம் விரியும், வலி குறையும். ஆனால் கொழுப்பு மூன்று குழாய்களிலும் நெடுக, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படிந்திருக்கிறது. அத்தனை இடத்துக்கும் போய்ச் சேர்வது மாத்திரை மட்டும்தான்.

இதை ஏதோ தத்துவமாகச் சொல்லவில்லை. நோயாளிகளை வைத்தே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1977-இல் ஜூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் முதன்முதலாக இதயக் குழாயை பலூனால் விரித்ததிலிருந்து, "குறுகிய குழாயை விரித்தால் ஆயுள் கூடத்தானே வேண்டும்" என்று உலகமே நம்பியது. கேட்டால் நியாயமாகத்தான் படும். 2007-இல் வெளிவந்த 'கரேஜ்' ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நிலையான ஆஞ்சைனா உள்ள 2,287 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் நல்ல மாத்திரைகள். ஒரு பிரிவுக்கு மட்டும் கூடவே ஆஞ்சியோபிளாஸ்டி. சுமார் நான்கரை ஆண்டுகள் கவனித்ததில், மரணத்திலும் மாரடைப்பிலும் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை.

"அதெல்லாம் பழைய ஸ்டென்ட்" என்றார்கள் சிலர். "ஆஞ்சியோவைப் பார்த்துவிட்டு ஆபத்தான கேஸ்களையெல்லாம் முதலிலேயே விலக்கியிருப்பார்கள்" என்றார்கள் வேறு சிலர். நியாயமான கேள்விகள்தான். அதற்குப் பதிலாக வந்ததுதான் 'இஸ்கீமியா' ஆய்வு. 37 நாடுகள், 5,179 நோயாளிகள். இந்தியாவிலிருந்தும் கணிசமான பேர் சேர்ந்தார்கள். நடுத்தரம் முதல் கடுமை வரை ரத்த ஓட்டக் குறைவு இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தவர்களை எடுத்தார்கள். பெரும்பாலானோருக்கு முதலில் சி.டி. ஆஞ்சியோ எடுத்து, இதயத்தின் இடது பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது பிரதான குழாயில் அடைப்பு உள்ளவர்களை விலக்கினார்கள். பிறகு ஒரு பிரிவுக்கு உடனே ஆஞ்சியோ, தேவைக்கேற்ப ஸ்டென்ட் அல்லது பைபாஸ். இன்னொரு பிரிவுக்கு மாத்திரை, அது போதாதபோது மட்டும் ஆஞ்சியோ. 2020-இல் வெளியான முடிவில், முதல் பிரிவில் இறந்தவர்கள் 145 பேர், இரண்டாவது பிரிவில் 144 பேர். மாரடைப்பு முதலானவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோதும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மாத்திரைப் பிரிவில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பின்னாளில் ஸ்டென்ட்டோ பைபாஸோ தேவைப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் அப்பாவுக்கும் அப்படித் தேவைப்படலாம். காத்திருந்து செய்ததால் ஆயுள் குறையவில்லை என்பதுதான் அந்த ஆய்விலிருந்து கிடைக்கும் தெம்பு.

சரி, வலி? அடிக்கடி வலி வந்தவர்களுக்கு ஸ்டென்ட் பிரிவில் நிவாரணம் நன்றாகவே கிடைத்தது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஸ்டென்ட் வைத்திருக்கிறது என்று தெரிந்தாலே மனிதனுக்குத் தெம்பு வரும். அந்தத் தெம்பையும் ஸ்டென்ட்டின் வேலையையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

லண்டனில் ரஷா அல்-லமீ என்ற இதய மருத்துவர் தலைமையில் நடந்த 'ஆர்பிட்டா' ஆய்வு இதைத்தான் செய்தது. உங்கள் அப்பாவைப் போல ஒரே குழாயில் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு உள்ள 200 பேர். முதல் ஆறு வாரம் மாத்திரைகளை உச்ச அளவுக்குச் சரிசெய்தார்கள். வாரம் தவறாமல் தொலைபேசியில் விசாரித்தார்கள். பிறகு ஒவ்வொருவரையும் ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் மேசையில் படுக்க வைத்து, மயக்க ஊசி போட்டு, காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டு ஓடவிட்டார்கள், டாக்டர்கள் பேசுவது காதில் விழக் கூடாது என்பதற்காக. குலுக்கலில் வந்தபடி 105 பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மீதி 95 பேருக்கு எதையும் வைக்காமல், அதே மேசையில் குறைந்தது 15 நிமிடம் வைத்திருந்து அனுப்பினார்கள். வார்டுக்கு வந்த பிறகு பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் யாருக்கு என்ன நடந்தது என்று தெரியாது. ஆறு வாரம் கழித்து ட்ரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் கூடுதலாக ஓடிய நேரம் சராசரி 16.6 விநாடி. புள்ளியியல் கணக்கில் அது ஒரு வித்தியாசமாகவே தேறவில்லை. 2017-இல் இது வெளியானபோது இதய மருத்துவர்களிடையே கிளம்பிய வாக்குவாதம் கொஞ்சநஞ்சமல்ல.

அதே குழு அதோடு நிற்கவில்லை என்பதில்தான் எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை. மாத்திரை உச்ச அளவில் இருந்ததால் ஸ்டென்ட்டின் பலன் தெரியாமல் போயிருக்கலாம் அல்லவா? ஆகவே ஆஞ்சைனா வலிக்கான மாத்திரைகளை நிறுத்திவிட்டு 301 பேரிடம் மறுபடி அதே முறையில் சோதித்தார்கள். 2023-இல் முடிவு வந்தது. இந்த முறை ஸ்டென்ட் தெளிவாக வென்றது: 12 வாரத்தில் வலியே இல்லாமல் போனவர்கள் ஸ்டென்ட் பிரிவில் 40 சதவீதம், பொய்ச் சிகிச்சைப் பிரிவில் 15 சதவீதம். ஆக, வலிக்கு ஸ்டென்ட் உண்மையிலேயே உதவுகிறது. அதே சமயம், ஸ்டென்ட் வைத்தும் பத்தில் ஆறு பேருக்கு வலி முழுதாகப் போகவில்லை.

இதையெல்லாம் உங்கள் அப்பாவுக்குப் பொருத்திப் பார்த்தால், முதலில் மாத்திரை. அது போதவில்லை என்றால், அல்லது மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால், வலிக்காக ஸ்டென்ட். உங்கள் டாக்டர் "இப்போதைக்கு" என்று சொன்னது இதைத்தான். "கோயில் படி ஏற முடியவில்லை, மார்க்கெட்டுக்குப் போக முடியவில்லை" என்று சில வாரம் கழித்து அப்பா சொன்னால், தயங்காமல் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்டென்ட் கேட்பதில் தப்பே இல்லை.

இரண்டு விஷயங்களை மட்டும் டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இடது பிரதான குழாய் நன்றாக இருக்கிறதா? எக்கோவில் இதயம் பம்ப் செய்யும் திறன், அதாவது ஈ.எஃப்., எவ்வளவு? இடது பிரதான குழாயில் அடைப்பு உள்ளவர்களையும், ஈ.எஃப். 35-க்குக் கீழே உள்ளவர்களையும் இஸ்கீமியா ஆய்வில் சேர்க்கவே இல்லை. அப்படி ஏதாவது இருந்தால் நான் மேலே எழுதியதை வைத்து முடிவெடுக்காதீர்கள். சர்க்கரையோடு மூன்று குழாயிலும் அடைப்பு இருந்தால் பைபாஸ் பற்றிய பேச்சும் தனி. நீங்கள் ஒரு குழாயை மட்டும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது சரிதானா என்று ரிப்போர்ட்டைப் பாருங்கள்.

மாத்திரை விஷயத்தில் நான் கவலைப்படுவது வேறு. கரேஜிலும் இஸ்கீமியாவிலும் மாத்திரை ஈடுகொடுத்தது என்றால், அங்கே அதை ஒழுங்காகச் சாப்பிட்டார்கள், சாப்பிடுகிறார்களா என்று கண்காணித்தார்கள். நம் வீடுகளில் வலி நின்றதும் முதலில் நிற்பது கொழுப்பு மாத்திரை. "ரிப்போர்ட்டில் கொழுப்பு நார்மல்தானே டாக்டர்" என்பார்கள். அடைப்பு உள்ளவருக்கு லேப் தாளில் அச்சிட்டிருக்கும் நார்மல் அளவு பொருந்தாது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 55-க்குக் கீழே போக வேண்டும் என்பது ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் பரிந்துரை. அப்பாவின் எல்.டி.எல். இப்போது எவ்வளவு என்று பாருங்கள். பீடி, சிகரெட் இருந்தால் இன்றோடு நிறுத்த வேண்டும். ஆஸ்பிரினை டாக்டர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தக் கூடாது, பல் பிடுங்கப் போகும்போதுகூட. இன்னொன்று, மகளிடம் அப்பா பேசத் தயங்கும் விஷயம் என்பதால் நானே எழுதிவிடுகிறேன்: ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரை எதையாவது போட்டவர் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைப் போட்டால் பிரஷர் சட்டென்று விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரிடம் அப்பா ஐந்து நிமிடம் தனியாகப் பேச வழிசெய்யுங்கள்.

இப்போது அந்தப் படிவம்.

குலுக்கல், டம்மி என்று கேட்டதும் உங்களுக்கும் தம்பிக்கும் வந்த பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மேலே படித்தீர்களே, ஸ்டென்ட் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று. அது அத்தனையும் தெரியவந்தது, யாரோ சில ஆயிரம் பேர் அப்படிப்பட்ட படிவத்தில் கையெழுத்துப் போட்டதால்தான். குலுக்கல் வைப்பது எது நல்லது என்று டாக்டர்களுக்கே உண்மையில் தெரியாதபோது. தெரிந்துகொண்டே ஒரு பிரிவுக்குக் கெடுதலைக் கொடுக்க ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் எந்த நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொள்ளாது.

டம்மி எதற்கு என்று கேட்பீர்கள். 1980-களில், மாரடைப்புக்குப் பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாகும் நோயாளிகளுக்கு அதைச் சீராக்கும் மாத்திரைகளை நல்ல எண்ணத்தோடு கொடுத்துவந்தார்கள். இ.சி.ஜி.யில் துடிப்பு ஒழுங்காகியும் காட்டியது. 'காஸ்ட்' என்ற ஆய்வில் அந்த வகையைச் சேர்ந்த இரண்டு மாத்திரைகளை டம்மியோடு ஒப்பிட்டபோது, மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். டம்மி சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். டம்மி பிரிவு மட்டும் இல்லாவிட்டால், அந்த மரணங்களை எல்லோரும் நோயின் கணக்கில்தான் எழுதியிருப்பார்கள். அந்த ஆய்வில் டம்மி கிடைத்தவர்கள்தான் அதிர்ஷ்டசாலிகள்.

ஒரே ஆய்வோடு முடிவு கட்டவும் முடியாது. நம் மாநில மலர் செங்காந்தளின் விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின், மூட்டு வீக்கத்துக்குப் பழங்காலத்திலிருந்தே தெரிந்த மருந்து. ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக் கிழங்கு என்று விவசாயமே செய்கிறார்கள். குழாய்ச் சுவரின் அழற்சியை அது தணிக்குமா என்று பார்த்ததில், 2020-இல் நிலையான இதய நோயாளிகள் 5,522 பேரிடம் நல்ல பலன் தெரிந்தது: மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 9.6 சதவீதத்திலிருந்து 6.8 ஆகக் குறைந்தன. மாரடைப்பு வந்து அனுமதிக்கப்பட்ட சுமார் 7,000 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வில், 2024-இல், பலன் எதுவும் இல்லை என்று வந்தது. இப்படித்தான் மருத்துவம் ஒவ்வோர் அடியாக நகர்கிறது. (இதைப் படித்துவிட்டு யாரும் கண்வலிக் கிழங்கைத் தொட்டுவிடாதீர்கள். அது கொடிய விஷம். கோல்ச்சிசின் மாத்திரையும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆபத்து.)

ஒரு காலத்தில் நோயாளியிடம் எல்லாவற்றையும் சொல்லாமலே சோதித்தார்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. 1959-இல் அமெரிக்காவில், ஆஞ்சைனாவுக்காக மார்பு எலும்பை ஒட்டி ஓடும் ரத்தக்குழாயைக் கட்டிவிடும் அறுவைச் சிகிச்சை பலன் தருகிறதா என்று 17 பேரிடம் சோதித்தார்கள். எட்டுப் பேருக்குக் கட்டினார்கள். ஒன்பது பேருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தார்கள். குழாயைக் கட்டாதவர்களும் வலி குறைந்ததாகவே சொன்னார்கள், அந்த அறுவைச் சிகிச்சையும் வழக்கொழிந்தது. நல்லதுதான். ஆனால் சிலருக்குத் தோலை மட்டுமே கீறப்போகிறார்கள் என்று அந்த 17 பேரிடமும் சொல்லவில்லை. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை. உங்கள் கையில் இருக்கும் படிவம் அதற்கு நேர் எதிர். டம்மி உண்டு, குலுக்கல் உண்டு என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள். அப்பாவிடம் கேட்டிருக்கிறார்கள்.

ஆகவே படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அப்பாவோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். தமிழில் இல்லை என்றால் தமிழில் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. முதலில் பார்க்க வேண்டியது, அவர் இப்போது சாப்பிடும் ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் தொடர்கின்றனவா என்பது. அவை தொடர, அவற்றுக்கு மேல் கூடுதலாக மருந்தோ டம்மியோ தருகிறார்கள் என்றால் வழக்கமான சிகிச்சையில் அப்பா இழப்பது எதுவும் இல்லை. வழக்கமான மருந்தை நிறுத்திவிட்டு டம்மி தருகிறார்கள் என்றால், எதற்காக, எத்தனை நாளைக்கு, யார் கண்காணிப்பார்கள் என்று நிற்க வைத்துக் கேளுங்கள். திருப்தியான பதில் வராவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். மருத்துவ ஆய்வுகளுக்காக 2007-இல் தொடங்கிய தேசியப் பதிவேடு அது. மருந்து ஆய்வுகளைப் பதிவு செய்வது 2009-இலிருந்து கட்டாயம். இணையத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் நடத்துகிறார்கள், யார் பணம் கொடுக்கிறார்கள், எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள் என்று யாரும் பார்க்கலாம். எண் இல்லாத மருந்து ஆய்வில் சேராதீர்கள். நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணும், நள்ளிரவில் ஏதாவது என்றால் கூப்பிட வேண்டிய டாக்டரின் எண்ணும் படிவத்தில் இருக்க வேண்டும். ஆய்வினால் உடம்புக்குத் தீங்கு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்பது 2019-ஆம் ஆண்டு மருந்து ஆய்வு விதிகளில் உள்ளது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது. ஆய்வு மருந்துக்கோ அதற்கான பரிசோதனைக்கோ உங்களிடம் பணம் கேட்டால், அங்கேயே நிறுத்திவிட்டு நெறிமுறைக் குழுவுக்குப் போன் செய்யுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்து, அப்பாவும் புரிந்துகொண்டு சேர விரும்பினால், தடுக்காதீர்கள் சகோதரி. அது அவர் உடம்பு, அவர் கையெழுத்து. உங்கள் மேல் உள்ள பாசத்தில் நீங்கள் சொன்னதற்காக அவர் விலகவும் கூடாது, டாக்டர் மேல் உள்ள மரியாதையில் படிக்காமலே போட்டுவிடவும் கூடாது. படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் வாயாலேயே உங்களுக்கும் தம்பிக்கும் சொல்லச் சொல்லுங்கள். டம்மி தனக்கும் வரலாம் என்பதையும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதையும் அவரே சொல்லிவிட்டால், புரிந்துகொண்டுதான் போடுகிறார் என்று அர்த்தம்.

ஒரு நோட்டில் தேதி போட்டு, எவ்வளவு தூரம் நடந்தபோது நெஞ்சை அழுத்தியது, எத்தனை நிமிடத்தில் நின்றது, நாக்கு மாத்திரை தேவைப்பட்டதா என்று அப்பாவையே எழுதிவரச் சொல்லுங்கள். அடுத்த முறை போகும்போது அதையும், ஆஞ்சியோ சி.டி.யையும், கடைசியாக எடுத்த எல்.டி.எல். ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போங்கள். ஸ்டென்ட் தேவையா என்பதை உங்கள் டாக்டர் அந்த நோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.